முப்பத்தாறை முப்பத்தேழால் பெருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகன விற்பனை விளம்பரங்களில் ஒரு கணக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. டொயோட்டா அக்வா ஒரு ஹைபிரிட் கார், அதாவது பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுப்பது. அதன் பெற்றோல் தாங்கி 36 லீற்றர். லீற்றருக்கு 37 கிலோமீற்றர் ஓடும். ஆகவே ஒருமுறை நிரப்பினால் 1,332 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்வந்து, மறுபடியும் கொழும்பு போய்ச் சேர்ந்த பிறகும் தாங்கியில் பெற்றோல் மிஞ்சும் என்பது இதன் பொருள். சுசுகி வேகன் ஆர் ஹைபிரிட்டுக்கும் இதே பாணியில் 27 லீற்றரை 33.4 ஆல் பெருக்கி 900 கிலோமீற்றர் என்கிறார்கள். இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பொய்யில்லை. அக்வாவின் தாங்கி 36 லீற்றர்தான். 37 என்பதும் யப்பானில் அந்தக் காருக்கு அதிகாரபூர்வமாகக் கொடுக்கப்பட்ட எண்தான். பிழை, இரண்டையும் பெருக்கியதில் இருக்கிறது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலைகளோ எட்டாத உயரத்தில் நிற்கின்றன. அதனால் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய ஹைபிரிட் கார்களைத்தான் எங்கள் சனங்கள் பெரும்பாலும் வாங்குகிறார்கள். 37 என்று நம்பி வாங்கியவர், கார் 20 ஓடுவதைக் கண்டதும் "பற்றரி செத்துவிட்டது" என்று முடிவுகட்டி கராஜுக்கு வருகிறார். நல்ல பற்றரியைக் கழற்றி, இலட்சக்கணக்கில் கொடுத்து வேறொன்றைப் பூட்டிய பிறகும் கார் அதே 20தான் ஓடுகிறது. உண்மையில் அந்தக் காருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஒரு எண்ணைச் சரியாக விளங்கிக்கொள்ளாததால் இவ்வளவு பணம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

37 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அக்வா 2011 டிசம்பரில் யப்பானில் வெளிவந்தபோது அதன் எண் 35.4. 2013இல் செய்த திருத்தங்களுக்குப் பிறகு அது 37.0 ஆனது. இரண்டுமே 'ஜேசி 08' என்ற யப்பானிய ஆய்வுகூடச் சோதனையின் பெறுபேறுகள். அந்தச் சோதனையில் கார் வீதியில் ஓடுவதில்லை. உருளைகளின் மேல் நின்றபடி சக்கரம் சுழலும். 20 நிமிடத்தில் 8.17 கிலோமீற்றர், சராசரி வேகம் மணிக்கு 24.4, உச்ச வேகம் 81.6. ஏசி போடுவதில்லை. பெறுபேற்றில் கால்பங்குதான் குளிர்ந்த எஞ்சினுடன் தொடங்கும் ஓட்டத்துக்கு உரியது. மீதி முக்கால்பங்கு ஏற்கெனவே சூடேறிய எஞ்சினுக்கு. இப்போது யாழ்ப்பாணத்துக் காரை நினைத்துப் பாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினுடன் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்க இரண்டு கிலோமீற்றர், சந்தைக்கு ஒன்றரைக் கிலோமீற்றர், வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசி உச்சத்தில். அந்த 37க்கும் இந்த ஓட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சோதனை முறை மாறினால் எண் எப்படி மாறும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல சான்று இருக்கிறது. டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட்டான 2004 பிரியஸுக்கு அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் முதலில் கொடுத்த எண்கள்: நகரத்தில் கலனுக்கு 60 மைல், நெடுஞ்சாலையில் 51, இரண்டும் சேர்த்து 55. பிறகு வேகமான ஓட்டம், ஏசி, குளிர் காலநிலை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கும் புதிய முறை 2008ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பழைய கார்களின் எண்களையும் அந்த முறைக்கு ஏற்ப மாற்றினார்கள். அதே 2004 பிரியஸ் 48, 45, சேர்த்து 46 ஆகிவிட்டது. எங்கள் கணக்கில் சொன்னால் லீற்றருக்கு 23.4 கிலோமீற்றர் என்றிருந்தது 19.6 ஆனது. காரில் ஒரு ஆணியைக்கூட யாரும் மாற்றவில்லை.

அப்படியானால் இங்கே என்ன எதிர்பார்க்கலாம்? நல்ல நிலையில் உள்ள அக்வா, ஏ-9 வீதியில் 60, 65 வேகத்தில் சீராக ஓடினால் லீற்றருக்கு 23, 24 தரும். ஊருக்குள் கலந்து ஓடினால் 18 முதல் 21. இரண்டு மூன்று கிலோமீற்றர்த் துண்டு ஓட்டங்கள் மட்டும் என்றால் 14, 15க்கும் இறங்கும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அதிவேகப் பாதையில் மணிக்கு 100இல் போனால் காற்றை முட்டித் தள்ளுவதிலேயே பெற்றோல் போய்விடும். பிரேக் பிடித்துச் சேமிக்கும் வாய்ப்பும் அங்கே இல்லாததால் ஹைபிரிட்டின் அனுகூலம் சுருங்கும். ஹொண்டா வெசலின் ஜேசி 08 எண் 27.0 வரை போகும். வீதியில் 14 முதல் 18 கிடைத்தால் அது சாதாரணம். வேகன் ஆர் வேறு இனம். அதில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், ஊர்ந்து நகரும்போது சில விநாடிகள் தனியாகவும் இழுக்கும், அவ்வளவுதான். அதை அக்வாவோடு ஒரே தட்டில் வைத்து 'ஹைபிரிட்' என்ற ஒரே சொல்லால் விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

பலர் மனத்தில் இன்னொரு பிழையான படம் இருக்கிறது: பாதித் தூரம் பெற்றோலில், மீதி 'கரன்ற்'றில் என்று. அக்வாவின் பெரிய பற்றரி 144 வோல்ற், முழுக் கொள்ளளவு ஒரு கிலோவாற் மணிக்கும் சற்றுக் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவாற் மணிச் சக்தி இருக்கிறது. ஆகவே முழுப் பற்றரியும் ஒரு சிறிய தேநீர்க் குவளை பெற்றோலுக்குத்தான் சமம், கிட்டத்தட்ட 100 மில்லிலீற்றர். அதிலும் நடுப்பகுதியை மட்டுமே கார் பயன்படுத்தும். அடிவரை இறங்கவும் விடாது, விளிம்புவரை ஏற்றவும் விடாது. அந்தப் பற்றரிக்குள் போகும் மின்னும் பெற்றோலிலிருந்து வந்ததுதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து வைத்து அடுத்த புறப்பாட்டுக்குக் கொடுப்பதும், எஞ்சினைத் திறமையாக வேலை செய்யும் இடத்தில் மட்டும் ஓடவிடுவதும்தான் அதன் வேலை. இதை விளங்கியவர், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கியரை 'என்'இல் (N, நியூட்ரல்) போட மாட்டார். 'என்'இல் பற்றரிக்கு மின்னேற்றம் நின்றுவிடும். ஏசியோ பற்றரியிலிருந்து மின்னை இழுத்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் 'என்'இல் உருளவிட்டால் திரும்பக் கிடைக்கவேண்டிய சக்தியும் போய், பிரேக்கும் சூடாகும். 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மிதித்தபடி நிற்பதுதான் சரி. நுவரெலியாவிலிருந்து இறங்குவது போன்ற நீண்ட இறக்கத்தில் மட்டும் 'B' என்று எழுதிய நிலைக்கு ('P' அல்ல) மாற்றிக்கொள்ளுங்கள். பற்றரி நிரம்பிய பின்னும் எஞ்சின் காரைப் பிடித்துவைக்கும்.

இனித் தாங்கி. 36 லீற்றர் என்பது அறிவிக்கப்பட்ட கொள்ளளவு. அதை முழுவதும் எரித்துவிட்டு வந்து நிரப்புகிறவர் யாருமில்லை. அளவு காட்டி கடைசிக் கட்டைக்கு இறங்கி மினுங்கத் தொடங்கும்போது அக்வாவில் சுமார் 5 லீற்றர் மீதம் இருக்கும். அந்த நேரத்தில் நிரப்பினால் 30, 31 லீற்றரில் பம்பின் மூக்கு 'டக்' என்று நின்றுவிடும். ஆக உங்கள் கைக்கு வரும் கொள்ளளவு 30. அதை 20ஆல் பெருக்கினால் 600. வீட்டிலிருந்து புறப்படும்போது மனத்தில் வைத்திருக்க வேண்டிய தூரம் இதுதான், 1,332 அல்ல. வேகன் ஆரின் 27 லீற்றரில் கைக்கு வருவது 22, 23. கொழும்புப் பயணத்தை ஒரே நிரப்பலில் முடிக்கலாம் என்று கிளம்புவதற்கு அது போதுமா என்று அதன் சொந்தக்காரர் முதலிலேயே அளந்து பார்த்துவைப்பது நல்லது.

பம்ப் தானாக நின்ற பிறகும் காரைக் குலுக்கிக் குலுக்கி, சொட்டுச் சொட்டாகக் கழுத்துவரை ஊற்றுவது எங்கள் ஊரில் பழக்கமாகிவிட்டது. 2022 யூலையில் கியூஆர் அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்த காலத்தில் ஒரு துளியும் பெறுமதியாக இருந்தது உண்மைதான். ஆனால் தாங்கியின் மேற்பகுதியில் விடப்பட்டுள்ள வெற்றிடம் காரணத்தோடு விடப்பட்டது. பெற்றோல் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை விரியும். நிலத்தடித் தாங்கியிலிருந்து குளிர்ச்சியாக ஏறிய 36 லீற்றர், வெயிலில் நின்று 10 பாகை சூடேறினால் மூன்றரை டெசிலீற்றர் கூடிவிடும். இடமில்லாவிட்டால் அது ஆவி போகும் குழாய் வழியே கரிக் கலத்துக்குள் போகும். பெற்றோல் ஆவியைப் பிடித்துவைத்துப் பிறகு எஞ்சினுக்கு அனுப்புவது அந்தக் கலத்தின் வேலை. அதற்குள் திரவப் பெற்றோல் போனால் கரி நனைந்து கெடும். முழுத் தாங்கி அடித்த மறுநாள் எஞ்சின் தடுமாறுவது, காரைச் சுற்றிப் பெற்றோல் மணப்பது, காரணம் தெரியாமல் எஞ்சின் விளக்கு எரிவது எல்லாம் இதன் அடையாளங்கள். முதல் 'டக்'கோடு நிறுத்திவிடுங்கள்.

"36 லீற்றர்த் தாங்கிக்கு 37 லீற்றர் அடித்திருக்கிறான், பம்பில் கள்ளம்" என்ற சண்டையும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. வெற்றிடமும் நிரப்பும் குழாயும் 36க்கு வெளியே இருப்பவை. வற்றவிட்டு வந்து கழுத்துவரை ஊற்றினால் 36ஐத் தாண்டத்தான் செய்யும். மறுபக்கத்தில், பம்பில் உண்மையிலேயே குறை இருந்தாலும் காரின் அளவு காட்டியை வைத்து அதை நிரூபிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கு முறையிடுங்கள். பம்புகளைச் சோதித்து முத்திரையிடுவது அவர்கள் பொறுப்பு.

இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "பிரியஸ் தாங்கிக்குள் ரப்பர்ப் பை இருக்கிறதாம், அதனால்தான் நிரம்பவில்லை" என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பை உண்மைதான், ஆனால் வட அமெரிக்காவுக்குச் செய்த முதல் இரண்டு தலைமுறைப் பிரியஸில், அதாவது 2009 வரையிலான மாதிரிகளில் மட்டும். ஆவி வெளியேறுவதைக் குறைக்க வைத்தார்கள். குளிரில் அது விறைத்து, 45 லீற்றர்த் தாங்கி அதைவிடக் குறைவாகவே ஏற்றும். அளவு காட்டியும் குழம்பும். 2010 மாதிரியிலிருந்து அங்கேயும் எடுத்துவிட்டார்கள். யப்பானிலிருந்து இங்கு வந்த கார்களில் அது கிடையாது. கனடாவில் பழைய பிரியஸ் வைத்திருக்கும் உறவினர் சொல்லும் ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே வட அமெரிக்காவில் 2019க்குப் பிந்திய ராவ்-4 ஹைபிரிட்டிலும் தாங்கிச் சிக்கல் வந்தது. அறிவித்த கொள்ளளவு 55 லீற்றர். தாங்கியின் வடிவ வேறுபாட்டால் சில கார்களில் முழுவதும் நிரம்பவில்லை என்று டொயோட்டாவே ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்ட கார்களுக்குத் தாங்கியையும் அளவு உணரியையும் மாற்றிக்கொடுத்தது. உண்மையான குறை எப்படி இருக்கும் என்பதற்கு அது உதாரணம்: காட்டி அடியில் நிற்கும், ஆனால் பம்ப் ஒவ்வொரு முறையும் பல லீற்றர் குறைவாகவே நின்றுவிடும். ஒருநாள், ஒரு பம்பில் சீக்கிரம் 'டக்' அடித்தால் அது தாங்கியின் குறையல்ல. நுரையோ, மூக்கைப் பிடித்த கோணமோ, பம்பின் வேகமோதான் காரணம்.

அளவு காட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகமாக ஏமாற்றுவது அதுதான். தாங்கிக்குள் ஒரு மிதவை. அதன் தண்டு ஒரு மின்தடையின் மேல் நகரும். அந்தத் தடையின் அளவைக் கணினி படித்துக் கட்டைகளாகக் காட்டும். பெற்றோல் குலுங்குவதால் காட்டி துள்ளாமல் இருக்க, கணினி பல நிமிடங்களின் சராசரியை எடுத்து மெதுவாக அசைக்கும். பிரியஸில் 10 கட்டைகள். 45 லீற்றரை 10ஆல் பிரித்து ஒரு கட்டை நாலரை லீற்றர் என்று கணக்குப் பார்க்கக் கூடாது. தாங்கி சதுரப் பெட்டியல்ல. இருக்கைக்கும் குழாய்களுக்கும் இடம்விட்டு வளைந்து நெளிந்த வடிவம் அது. மேல் கட்டை மெதுவாக விழும், நடுவில் மளமளவென்று இறங்கும். முதல் கட்டை விழ 100 கிலோமீற்றர் ஓடியது, அடுத்தது 60இலேயே விழுந்தது என்று காரைச் சந்தேகிக்க இதில் ஒன்றுமில்லை.

சரிவில் நிறுத்தினால் மிதவை இருக்கும் பக்கம் பெற்றோல் கூடும் அல்லது குறையும். ஹற்றன், நுவரெலியாப் பக்கம் வீட்டு வாசலே சரிவாக இருப்பவர்கள் இரவில் ஒரு அளவையும் காலையில் வேறொரு அளவையும் பார்ப்பது இதனால்தான். யாரும் பெற்றோல் களவெடுக்கவில்லை. அடுத்தது, எங்கள் 'ஆயிரம் ரூபாவுக்கு அடி' என்ற பழக்கம். 2025இல் லீற்றர் 300 ரூபாவை ஒட்டி நின்றபோது ஆயிரம் ரூபாவுக்கு மூன்று லீற்றரும் சொச்சமும்தான். அவ்வளவு சிறிய அளவை ஊற்றினால் காட்டியும், 'இன்னும் எவ்வளவு தூரம்' என்ற எண்ணும் மாறாமலே இருக்கக்கூடும். தயாரிப்பாளரின் கையேடே இதைச் சொல்கிறது. 'ரெடி' விளக்கு எரிந்தபடி, ஏசி போட்டுக்கொண்டே நிரப்பினாலும் இதே கதை. காரை முற்றாக நிறுத்தி, நிரப்பி, பிறகு போடுங்கள். அது பாதுகாப்புக்கும் நல்லது. நிரப்பிய பின் சமதரையில் நிறுத்தி, அணைத்துப் போட்ட பிறகும் காட்டி பல நிரப்பல்களாகப் பிழையாகவே நின்றால், அப்போதுதான் மிதவையையும் அதன் தடையையும் பார்க்க வேண்டும்.

'இன்னும் 180 கிலோமீற்றர்' என்று திரை சொல்வது, நீங்கள் அண்மையில் ஓடிய ஓட்டத்தின் சராசரியை மீதிப் பெற்றோலோடு சேர்த்துச் செய்த ஊகம். ஏ-9இல் ஓடிவந்த பிறகு பார்த்தால் கூடுதலாகவும், நகருக்குள் ஒரு கிழமை ஓடிய பிறகு பார்த்தால் குறைவாகவும் காட்டும். அது பூச்சியமான பிறகும் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். அது இருக்கும் என்று நம்பி ஓட்டுவது வேறு விடயம், அதற்கு வருகிறேன். சராசரி கிலோமீற்றர் காட்டும் எண்ணும் அளந்த எண்ணல்ல. எஞ்சினுக்குள் பெற்றோலைத் தெளிக்கும் ஊசிகள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதிலிருந்து கணினி மதிப்பிடுவது. பெரும்பாலும் உண்மையைவிட 5 சதவீதம் போலக் கூடுதலாகவே காட்டும். சிறிய 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் பழைய சராசரி அழிந்துவிடும். விற்பனைக்கு நிற்கும் காரின் திரையில் 28 என்று காட்டுவது, அந்தக் கார் கடைசியாக ஓடிய நீண்ட சமதரையை மட்டும் காட்டலாம். அதைப் படமெடுத்து விளம்பரத்தில் போடுவது சான்றாகாது.

சரியான முறை பழைய முறைதான். ஒரே நிரப்பு நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பில், காரை ஒரே பக்கம் பார்த்து நிறுத்துங்கள். முதல் 'டக்' வரை நிரப்பி 'ட்ரிப் ஏ' தூரமானியைப் பூச்சியமாக்குங்கள். காட்டி கால்பங்குக்கு இறங்கும்வரை ஓடுங்கள். திரும்ப அதே இடத்தில் முதல் 'டக்' வரை நிரப்பி, லீற்றரையும் கிலோமீற்றரையும் எழுதுங்கள். ஒருமுறை செய்து முடிவுக்கு வரக் கூடாது: 'டக்' அடிக்கும் இடம் ஒரு லீற்றர் முன்பின்னாக இருக்கும். 10 லீற்றர் மட்டும் ஊற்றி அளந்தால் அந்த ஒரு லீற்றரே 10 சதவீதப் பிழை. 25 லீற்றருக்கு 4 சதவீதம். மூன்று நான்கு நிரப்பல்களைச் சேர்த்தால் பிழை இன்னும் சுருங்கும். சேர்க்கும்போது ஒவ்வொரு நிரப்பலின் சராசரியையும் கூட்டி வகுக்க வேண்டாம். மொத்தக் கிலோமீற்றரை மொத்த லீற்றரால் வகுங்கள். 24.1 லீற்றருக்கு 498 கி.மீ., 22.6க்கு 471, 26.3க்கு 520 என்றால், 1,489 கி.மீ., 73.0 லீற்றர், விடை 20.4.

கிலோமீற்றர்க் கணக்கையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 175/65ஆர்15 அளவு ரயருக்குப் பதில் 185/65ஆர்15 போட்டால் சக்கரம் 2 சதவீதம் பெரிதாகும். 100 கிலோமீற்றர் ஓடினால் தூரமானி 98 என்றுதான் எண்ணும். பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் அப்பால் வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களை வைத்து 20 கிலோமீற்றருக்கு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இப்படி அளந்த பின்னும் அக்வா கலப்பு ஓட்டத்தில் 16க்குக் கீழே நின்றால், தேட வேண்டிய ஒழுங்கு இருக்கிறது. பற்றரி அதில் கடைசி. ரயர்க் காற்றில் தொடங்குங்கள். சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் கிலோபாஸ்கலில் எழுதியிருக்கும், அதை 6.9ஆல் வகுத்தால் கராஜ் மானி காட்டும் பிஎஸ்ஐ. 230 என்றால் 33. அடுத்தது பிரேக். ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மோட்டார் என்பதால் பிரேக் கட்டைகளுக்கு வேலை குறைவு. எங்கள் கடற்கரை உப்புக் காற்றில் அவற்றின் நழுவும் ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிடும். பத்துக் கிலோமீற்றர் ஓடிவந்து நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள்; ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் பெற்றோலைக் குடிக்கிறது. ஓயில் 0டபிள்யூ-20 போட வேண்டிய எஞ்சினுக்கு, 'சூட்டு நாட்டுக்குத் தடிப்பானது நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது இன்னும் நிற்கவில்லை. 95 ஒக்டேன் அடித்தால் கூடுதல் தூரம் ஓடும் என்ற நம்பிக்கையும் வீண்செலவு. யப்பானின் சாதாரணப் பெற்றோலுக்கு நியமம் 89 ஒக்டேன். அதற்காகச் செய்த எஞ்சினுக்கு எங்கள் 92 தாராளம்.

தேர்மோஸ்ரற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் சூடேறும்வரை குளிர்நீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கும் வால்வு அது. எஞ்சின் சூடேறுகிறது என்று வரும் காரில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிச் சூடு வராது" என்று அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பழைய வான்களுக்கு அது எப்படியோ, ஹைபிரிட்டுக்கு இது பெரும் கேடு. குளிர்நீர் ஏறத்தாழ 70 பாகையை எட்டும்வரை கணினி எஞ்சினை மனம்போல அணைத்து வைக்காது. தேர்மோஸ்ரற் இல்லாத எஞ்சின் அந்தச் சூட்டைத் தாமதமாகவே எட்டும், வேகமாக ஓடினால் திரும்ப இழக்கும். விளக்கில் நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் "பற்றரி பிடிக்குதில்லை, எஞ்சின் நிற்குதில்லை" என்று வருவார். நூறில் ஒருபங்குச் செலவில் முடிகிற வேலையை அங்கே பற்றரி என்று சொல்லிவிடக் கூடாது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் புகையின் ஒருபகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் பாதை கரியால் அடைபடுவதையும் இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும். அதைக் கழுவாமல் விட்டால் பெற்றோல் செலவோடு நிற்காமல், பின்னால் சிலிண்டர்த் தலைக் கஸ்கெற்றுக்கும் ஆபத்து.

இவை எல்லாம் சரியென்றால் பற்றரிக்கு வாருங்கள். பின் இருக்கைப் பக்கத்தில் அதற்குக் காற்றிழுக்கும் சாளரம் இருக்கிறது. பையும் பாயும் அடைத்து, மணலும் நூலும் பிடித்துக் கிடந்தால் பற்றரி சூடாகும். விசிறியின் இரைச்சல் உள்ளே கேட்கும். அதைத் துப்புரவாக்குவதற்குச் செலவு ஒன்றுமில்லை. திரையில் பற்றரிக் கட்டைகள் ஓரிரு நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறி, அதே வேகத்தில் அடிக்கு விழுந்தால் அது தளர்ந்த பற்றரியின் அடையாளம். ஸ்கானரைப் பூட்டி, ஏற்றத்தில் முடுக்கும்போது ஒவ்வொரு தொகுதியின் வோல்ற்றையும் பக்கத்தில் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட்டுக் கீழே விழுவதைக் கண்ணால் பார்த்த பின், அல்லது பற்றரிப் பழுதைக் குறிக்கும் P0A80 என்ற குறி ஸ்கானரில் பதிந்திருந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள். நின்ற இடத்தில் எடுத்த வோல்ற் ஒன்றையும் சொல்லாது.

முன்னே விட்டுவைத்த விடயம்: பெற்றோல் முடியும்வரை ஓட்டுவது. மற்றக் காரில் பெற்றோல் முடிந்தால் கார் நிற்கும், ஊற்றினால் ஓடும். ஹைபிரிட்டில் எஞ்சின் நின்ற பின்னும் கார் பற்றரியில் நகரும். "பெற்றோல் செற் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்" என்ற ஆசை அங்கேதான் வரும். அக்வா, பிரியஸில் எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவதும் அதே பெரிய பற்றரிதான். தனி ஸ்ராற்றர் மோட்டார் இல்லை. அதை அடிவரை வற்றவிட்டால் பிறகு எவ்வளவு பெற்றோல் ஊற்றினாலும் எஞ்சினைச் சுழற்றச் சக்தி இருக்காது. 12 வோல்ற் பற்றரிக்கு இன்னொரு காரிலிருந்து வயர் பூட்டுவது இதற்கு உதவாது. உயர் வோல்ற் மின்னேற்றி உள்ள இடத்துக்குத்தான் காரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே எச்சரிக்கை விளக்குகள் எரிந்து இழுவை குறைந்தவுடன் ஓரம்கட்டி, 'P' (பார்க்) நிலையில் போட்டு அணைத்துவிடுங்கள். சமதரையில் குறைந்தது 5 லீற்றர் ஊற்றுங்கள். ஒரு போத்தல் போதாது. பிறகு போட்டு, எஞ்சின் பிடிக்காவிட்டால் இரண்டு மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம். ஒவ்வொரு முயற்சியும் மீதியிருக்கும் பற்றரியைத் தின்னும். பெற்றோல் பம்ப் தாங்கிக்குள் பெற்றோலில் மூழ்கியிருந்து அதனாலேயே குளிர்வது என்பதையும் நினைவில் வையுங்கள். எப்போதும் அடிக்கட்டையில் ஓட்டுபவர் அதைச் சுட்டுக்கொண்டே ஓட்டுகிறார்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் வாகன விளம்பரப் பக்கத்தில் ஹைபிரிட் காரின் கிலோமீற்றர் எண் வரும்போது, அது எந்தச் சோதனையின் எண் என்பதையும் சேர்த்துக் கேட்டுப் போடுங்கள்; ஜேசி 08 என்றால் ஜேசி 08 என்று. தாங்கியின் லீற்றரைத் தனி வரியில் விடுங்கள், பெருக்கிய தூரத்தைப் போட வேண்டாம். விற்பவர் சொந்தமாக அளந்திருந்தால் அதை இப்படி அச்சிடலாம்: "அக்வா 2014, தாங்கி 36 லீற்றர், ஜேசி 08: 37.0, மூன்று முழு நிரப்பல்களில் 73.0 லீற்றருக்கு 1,489 கி.மீ., யாழ். நகரமும் ஏ-9உம், ஏசியுடன்." ஒரு விளம்பரத்தில் இரண்டு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
ஹைபிரிட் வாகனத் தொழில்நுட்பவியலாளர்,
யாழ்ப்பாணம்.